பதினோராவது வண்டி வண்டல்

2023 செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. திண்டுக்கல்லில் காற்றே இல்லை. வானம் மூடிக்கொண்டு, மழை வராமல் போக்குக் காட்டியது. மண் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது.

"ஐயா, நீங்க குடுத்த வண்டல்ல குரோமியமும் ஈயமும் ரொம்ப அதிகம். காய்கறி போடுற நெலத்துல எறச்சிறாதீங்க."

"எறைக்கலை. வரப்போரமாக் குவிச்சுத்தான் வச்சிருக்கேன்," என்றேன்.

கோடையில் ஆறு வற்றியதும் வண்டலை அள்ளி வயலில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு ஓடிவந்த ஓடை, நான் அள்ளிய இடத்துக்குச் சற்று மேலேதான் ஆற்றில் சேர்கிறது. அது தெரிந்தும் பதினோரு டிராக்டர் மண் இறக்கினேன். கறுப்பாக, கையில் வழுக்கிக்கொண்டு இருந்தது. அந்த மாதிரி மண்ணைக் கண்டால் எங்களுக்கு வேறு யோசனை ஓடாது. இறக்கி வெகு நாள் கழித்துத்தான் சந்தேகம் அரிக்க, ஒரு பை மண்ணைச் சோதனைக்குக் கொடுத்தேன்.

ஸ்கூட்டரில் வயலுக்குப் போய்க் குவியல்களை எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன். பத்துதான்.

பக்கத்து வயல்காரர் தன் கத்தரிச் செடிகளுக்கு நடுவே நின்று, மண்வெட்டியால் கறுப்பு மண்ணைத் தூரில் அணைத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் குழம்புக்கும் அந்தக் காய்தான்.

"ஏப்பா, நிறுத்து! அது விஷ மண்ணு!"

"ஒரு வண்டி மண்ணுக்கா இம்புட்டுக் கூப்பாடு? சும்மா கெடக்குதேன்னு எடுத்தேன். கேட்டாக் குடுத்திருப்பீகளாக்கும்?"

கூடத்திலிருந்து அனுப்பியிருந்த பரிசோதனை முடிவைப் போனில் காட்டினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எங்கப்பன் காலத்துல இருந்து இந்த வண்டல்லதான் சோறு திங்கிறோம். மண்ணு எனக்குப் போயிரக் கூடாதுன்னு லேப்புல எழுதி வாங்கிட்டு வந்துட்டீக."

முதல் தூறல் என் கையில் விழுந்தது. மழை வலுத்தால் எல்லாம் பாத்தியில் கரைந்துவிடும்.

"உம் மக பிரசவத்துக்கு வந்திருக்காளே, இந்தக் காயை அவளுக்கு ஆக்கிப் போடுவியா?"

மண்வெட்டி நின்றது.

"நான் ஒண்ணும் இதை நம்பலை. ஆனா வேணுமுன்னா, காசு குடுத்து அள்ளிக்கங்க. பிடுங்குற செடிக்கும் சேத்து."

"எம் மண்ணுக்கு நானே காசா?"

"இப்ப எந்நெலத்துலல்ல கெடக்கு."

பேரம் பேச மழை இடம் கொடுக்கவில்லை. இரண்டு கூலியாட்களோடு நானும் குனிந்தேன். மண் ஒட்டிய செடிகளை வேரோடு பிடுங்கி, மண்ணைச் சுரண்டி, மற்ற பத்தோடு சேர்த்துத் தார்ப்பாய் விரித்து மூடினோம். எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆற்றில் கொட்டினால் வேறொருவர் அள்ளுவார். அதனால் அங்கேயே கிடக்கிறது.

டிராக்டருக்குப் பதின்மூன்றாயிரத்து இருநூறு, சோதனைக்கு ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது, தார்ப்பாய்க்கும் கூலிக்கும் ஆறாயிரத்து நானூறு, பக்கத்து வயல்காரருக்கு ஐயாயிரம். மொத்தம் இருபத்தாறாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.