பஞ்சுக்கை கழுத்தைக் கொடுத்த நாற்காலி

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் பஞ்சுக்கை. சவரக்கத்தி தாடையில் இறங்குவதே தெரியாது. தெருவில் பாதிப் பேர் அவர் சலூன் நாற்காலியில் குறட்டை விட்டவர்கள்தான். என் தங்கையின் புருஷன். அடுத்த கடை என்னுடையது, கடிகாரம் பழுது பார்ப்பது. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவர் தும்மினால் இங்கே என் மேசை விளக்கு ஆடும்.

தினமும் கடை திறந்ததும் மனிதர் ஒரு காரியம் செய்வார். கண்ணாடியைத் துடைத்து, கத்தியைத் தோல்வாரில் தீட்டி வைத்துவிட்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் தாமே ஏறி உட்காருவார். தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தைக் காட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். அதுதான் அவருடைய பிரார்த்தனை.

"இது என்ன கோலம் மாப்ளே?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"நாள் முழுக்க ஊருக்கெல்லாம் கழுத்தக் குடுங்கன்னு கேக்கறேன். அவங்களும் நம்பிக் குடுக்கறாங்க. நான் ஒருத்தர்கிட்டயாவது குடுக்க வேணாமா மச்சான்?"

எனக்கும் சாமிக்கும் கொஞ்சம் தூரம். சிரித்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

ஒரு மழைக்குத் தண்ணீர் புகுந்து சலூன் முழுக்கச் சேறானது. அந்த நாற்காலியை மட்டும் முதலில் கழுவி, ஏறி உட்கார்ந்தார். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் தங்கை நோயில் போய்ச் சேர்ந்த பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லாம் முடிந்து கடை திறந்த அன்று காலை பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். மனிதர் அதேபோல் கழுத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"இன்னுமா நம்பறீங்க? அறுத்துட்டுப் போயிட்டாரே உங்க ஆளு!" என்று கத்தினேன். தங்கை புருஷன் என்பதால் அந்த ஆத்திரத்திலும் 'நீங்க' மட்டும் வாயை விட்டுப் போகவில்லை.

அவர் கண்ணைத் திறக்காமலே, "கத்தி அவர் கையிலதான் இருக்கு மச்சான். நான் வேற எங்க போய் உக்கார்றது?" என்றார்.

அதற்குப் பிறகு அவரோடு பேச்சை அளந்துதான் வைத்துக்கொண்டேன்.

போதாக்குறைக்கு அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, கால் இழுத்து இழுத்தாவது நடந்தது. வலது கை மட்டும் மூடிய விரல்களோடு நடுங்கிக்கொண்டே இருந்தது. அவரைப் பஞ்சுக்கை என்று கூப்பிடவே தெருவுக்கு நாக்கு கூசியது. வாடிக்கையாளர்கள் நல்லவர்கள்தான். வந்து நலம் விசாரிப்பார்கள், பழம் வைத்துவிட்டுப் போவார்கள். சவரத்தை மட்டும் வேறு சலூனில் செய்துகொள்வார்கள். யாரைக் குறை சொல்ல? ஆளுக்கு ஒரு கழுத்துதானே இருக்கிறது.

"கடைய மூடிட்டு என்னோட வந்து இருங்க மாப்ளே" என்றேன்.

"இடது கை சும்மாதானே இருக்கு" என்றார்.

புதிதாகக் கத்தி பிடிப்பவர்கள் பலூனில் பழகுவார்கள். ஊதிய பலூனில் நுரை பூசி, அது வெடிக்காமல் நுரையை வழித்தெடுக்க வேண்டும். தலை நரைத்த மனிதர் அந்தப் பாலபாடத்தை இடது கையால் தொடங்கினார். இந்தப் பக்கம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எள்ளளவு திருகாணியை இடுக்கியில் எடுத்து வைப்பேன். டப்! திருகாணி பறந்துவிடும். தரையில் தவழ்ந்து தேடி எடுத்து மாட்டப் போனால், மறுபடியும் டப்!

"மாப்ளே, உங்க சாமிகிட்ட சொல்லி கொஞ்சம் கெட்டிப் பலூனா அனுப்பச் சொல்லுங்க!" என்று சுவரைத் தட்டுவேன். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்கும். அப்படித்தான் எங்கள் பேச்சு பழையபடி ஆனது.

ஒரு நாள் திடீரென்று எனக்கு உறைத்தது: சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. காலையில் நுரை கலக்கியது கேட்டது. பிறகு ஒன்றையும் காணோம். விழுந்துவிட்டாரோ, பக்கவாதம் திரும்பவும் வந்துவிட்டதோ? கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியோடு ஓடி, கதவை இடித்துத் திறந்து, "மாப்ளே!" என்று அலறினேன்.

டப்!

முகமெல்லாம் நுரையோடு திரும்பிப் பார்த்தார். பக்கத்துப் பெஞ்சில் வழித்து முடித்த பலூன்கள் கிடந்தன, ஒன்றுகூட உடையாமல். "கடைசிப் பலூன் மச்சான். நல்லா வந்துட்டிருந்தது, கெடுத்தீங்களே!" என்றார்.

எனக்கு அவர் உயிரோடு இருந்ததே போதும் என்றிருந்தது. ஆனால் அந்தப் பலூன்களைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் வாடியது. "கை வந்துடுச்சு. ஆள் யார் வருவாங்க?" என்றார். ஆள் வராவிட்டால் கடை இல்லை, தொழில் இல்லை. அது இருவருக்குமே தெரியும்.

பூதக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன்.

"விளையாடாதீங்க மச்சான்."

"நுரையப் போடுங்க. தாடி அரிக்குது."

தலையைச் சாய்த்தால் கூரை மட்டும்தான் தெரிந்தது. கத்தி பிடித்த கை தெரியவில்லை. வலது மணிக்கட்டால் என் கன்னத்தை அழுத்திப் பிடித்தார், அது நடுங்கியது. இடது கையிலிருந்த கத்தி தாடையைத் தாண்டித் தொண்டைக்கு வந்தது. நான் நாற்காலிக் கையைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டேன்.

"பயமா இருக்கா மச்சான்?"

"இருக்காதா பின்ன? உங்களுக்கென்ன, தினம் கண்ண மூடிட்டு நிம்மதியா உக்காந்துடறீங்க."

கத்தி நின்றது. "நிம்மதியாவா? உங்க தங்கச்சி போனதுலேர்ந்து ஒரு நாள் விடாம பயந்தேன். பயந்துக்கிட்டேதான் கழுத்தக் குடுத்தேன்" என்றார்.

எத்தனையோ காலை பலகை இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன். இது எனக்குத் தெரியவே இல்லை. என் தங்கையின் ஞாபகம் வந்துவிட்டது. அழுகையை அடக்க முடியவில்லை, தோள் குலுங்கியது.

"அசையாதீங்க" என்றார் பஞ்சுக்கை.

நான் நாற்காலிக் கையை விட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை இன்னும் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன்.