பாட்டுக்கு அடியில் அப்பா

அக்கா போனில் சொன்ன வேலை ரொம்பச் சின்னது. மாமாவுக்கு அறுபது முடிகிறது. சிட்லபாக்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மண்டபம் பிடித்து அறுபதாம் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். மேடைக்குப் பக்கத்தில் பெரிய எல்.இ.டி. திரை வரும். அதில் ஓட்டுவதற்கு, அவர்களுடைய பழைய கல்யாண கேசட்டிலிருந்து பத்து நிமிஷம் நான் வெட்டிக் கொடுக்க வேண்டும். வீட்டிலேயே எடிட்டர் இருக்கும்போது வெளியே யாரிடம் போவாள்?

"இன்னும் ஒண்ணே ஒண்ணுடி," என்றாள் கடைசியில். "அப்பா அட்சதை போடும்போது குனிஞ்சு எங்கிட்ட ஏதோ சொல்லுவார் பாரு, அந்த எடத்துல மட்டும் பாட்டைக் கொறச்சுடு. என்ன சொன்னார்னு எனக்கு ஞாபகமே வரலை. நல்லா இரும்மான்னுதான் சொல்லியிருப்பார். அவர் வாயால ஒரு தடவை கேட்டுட்டா போதும்."

"சரிக்கா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பாட்டைக் குறைத்தால் அடியில் அப்பா இருப்பார் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அங்கே யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவரை அங்கிருந்து துடைத்து எடுத்தவளே நான்தான்.

இப்போது நான் சேலையூரில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, சொந்தமாகப் பாட்டு போடும் பிள்ளைகளுக்கு மியூசிக் வீடியோ எடிட் செய்து கொடுக்கிறேன். அவர்களே எழுதி, அவர்களே பாடி, ஏதாவது ஒரு மேம்பாலத்துக்கு அடியில் நின்று எடுத்துக்கொண்டு வருவார்கள். போன மாதம் வந்த ஒரு பெண், "ஆன்ட்டி, மியூசிக் வீடியோல்லாம் நம்ம ஊர்ல எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள். அவள் பிறந்த பிறகுதான் உலகத்தில் எல்லாமே வந்தது என்ற நினைப்பு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், எல்லோருக்கும் தெரியும். "உங்கம்மா கல்யாண கேசட் இருந்தா எடுத்துப் போட்டுப் பாரு," என்றேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். தெருவில் இரண்டு வீட்டில்தான் டிவி. டிவி இல்லாதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சினிமாவில் யாரோ இரண்டு பேர் மரத்தைச் சுற்றி ஆடுவதை, அந்த சினிமாவின் கதையே தெரியாமல், பாட்டுக்காக மட்டும் பார்ப்போம். கதையிலிருந்து கழற்றி எடுத்த பாட்டும் படமும் தனியாக ஓடலாம் என்று அங்கேதான் எங்களுக்குப் பழகியது. அப்புறம் வீடியோ கேமரா வந்தது. தாம்பரத்தில் கல்யாணம் செய்துகொண்ட ஒவ்வொரு மாப்பிள்ளையும் பெண்ணும், கேட்டோ கேட்காமலோ, ஒரு மியூசிக் வீடியோவில் நடித்துவிட்டுத்தான் தேனிலவுக்குப் போனார்கள்.

கேம்ப் ரோட்டில் ஒரு ஸ்டுடியோவில் நான் மிக்ஸிங் பார்த்தேன். டைப்ரைட்டிங் முடித்துவிட்டு ரசீது எழுதத்தான் சேர்ந்தேன். விரல் வேகமாகப் போகிறது என்று முதலாளி என்னை மிக்ஸிங் மெஷினில் உட்கார வைத்தார். இரண்டு வீடியோ டெக், நடுவில் ஒரு மிக்ஸர், பக்கத்தில் பாட்டு கேசட் போடும் டேப். தாமரை விரியும், உள்ளே மாப்பிள்ளை தெரிவார். இதயம் சுருங்கும், உள்ளே பெண் மறைவாள். அந்த இதயத்தை எந்த இடத்தில் சுருக்க வேண்டும் என்பதில் எனக்கு அவ்வளவு கர்வம். ஊரில் பாதிப் பேருடைய கல்யாணத்தை நான்தான் முடித்து வைத்தேன் என்று சொல்லித் திரிவேன்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. தாலி கட்டும்போது வரும் கெட்டிமேளத்துக்கு மட்டும் மண்டபத்தின் சொந்தச் சத்தம். அது முடிந்த அடுத்த நொடி, மூன்று மணி நேர கேசட்டிலும் ஆளுடைய குரலே வராது. எல்லாச் சத்தத்தையும் அழித்துவிட்டு மேலே சினிமாப் பாட்டு போட்டுவிடுவோம். முதல் வாரத்தில் நான் முதலாளியிடம், "பேசறது கேக்க வேணாமா சார்?" என்றேன். "இன்னாம்மா கேக்கப் போறாங்க? ஜெனரேட்டர் சத்தமும் கொழந்தை அழுவுறதும்தான் கீது. அதெல்லாம் வேஸ்ட்டு. பாட்டைப் போடு," என்றார். எல்லா ஸ்டுடியோவிலும் அதுதான் முறை. பாட்டு விட்டுப் போன கேசட்டை, பாதிதான் முடிந்திருக்கிறது என்று பார்ட்டி திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள்.

அக்கா கல்யாணமும் எங்கள் ஸ்டுடியோதான். அன்றைக்கு லைட் பிடிக்கும் ஆள் வரவில்லை. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே லைட்டைப் பிடித்தேன். முகூர்த்தத்திலிருந்து பந்தி வரைக்கும் கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அதனால் என் சொந்த அக்கா கல்யாண கேசட்டில் ஒரு இடத்திலும் நான் இல்லை. சொந்தக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள்.

மிக்ஸிங்கில் அக்காவுக்காக நான் உயிரைக் கொடுத்தேன். அப்பா மேடை ஏறி, மாமா தலையில் அட்சதை போட்டு, அக்கா பக்கம் குனிந்து ஏதோ பேசுகிற இடம் வந்தது. பாட்டை இரண்டு நொடி தள்ளிப் போட்டுப் பார்த்தேன். பல்லவியின் முதல் வரி அப்பா வாயசைப்புக்குச் சரியாக உட்கார்ந்தது. அப்பாவே எழுந்து காதல் பாட்டு பாடுகிற மாதிரி. தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன்.

கேசட்டை வீட்டில் போட்ட அன்று அக்கம்பக்கமெல்லாம் வந்திருந்தது. அந்த இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், அதிகம் பேசமாட்டார். அவரும் சிரித்தார். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம், "நான் பேசினது ஒண்ணும் கேக்கலையேம்மா?" என்றார்.

"அதெல்லாம் வராதுப்பா. அதான் ஸ்டைலு."

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அப்போது நாங்கள் யாருமே குரலைப் பற்றி யோசிக்கவில்லை. போட்டோ இருந்தது, மாலை போட்டோம். முதன்முதலாகப் படம் பிடித்த ரா கேசட்டில் அவர் குரல் இருந்திருக்கும். அதன் மேலேயே அடுத்த முகூர்த்தத்தில் வேறு யாருடைய கல்யாணத்தையோ எடுத்தாகிவிட்டது. ரா கேசட்டை யாரும் சேர்த்து வைப்பதில்லை, அதுவும் வழக்கம்தான்.

அதற்குப் பிறகு பாட்டும் படமும் எங்கெங்கோ போயின, நானும் பின்னாலேயே போனேன். தெருவுக்குத் தெரு கேபிள் வந்தபோது ஒரு லோக்கல் சேனலில் பாட்டு ஓட்டினேன். போன் போட்டுப் பாட்டு கேட்பார்கள். சேலையூரிலிருந்து ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் மச்சானுக்குப் பாட்டு போடச் சொல்வார். பிறகு நாள் முழுக்கப் பாட்டே ஓடும் பெரிய சேனல்கள் வந்து எங்களைச் சாப்பிட்டன. அவற்றை இன்டர்நெட் சாப்பிட்டது. ஆளே இல்லாமல் எழுத்து மட்டும் துள்ளுகிற பாட்டு வீடியோக்கள் வந்தன. இப்போது போனை நிமிர்த்திப் பிடித்து அரை நிமிஷத்துக்கு எடுத்தால் போதும், அதிலும் பாட்டு யாரோ பாடியது, வாயசைப்பு மட்டும் நம்முடையது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நாங்கள் கல்யாண கேசட்டில் செய்ததைத்தானே செய்கிறார்கள் என்று தோன்றும்.

ஒரு குடும்பத்துக்காகப் பழைய கேசட்டை மாற்றி இன்டர்நெட்டில் ஏற்றிக் கொடுத்தேன். பாட்டு வேறொருவருக்குச் சொந்தமானது என்று சொல்லி அந்தத் தளம் சத்தத்தை நிறுத்திவிட்டது. நான் குரல்களை எடுத்தேன், அவர்கள் பாட்டை எடுத்தார்கள். மாப்பிள்ளை, பெண், சமையல்காரர் உள்பட எல்லோரும் ஊமையாக நடந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு அதைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது. அக்கா போன் செய்த அன்று வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான்கு தடவை போனை எடுத்தேன். சொல்லவில்லை, பயம்தான். முதலில் கேசட்டை மாற்றிக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பாட்டும் பாட்டும் சேரும் இடத்தில் ஒரு நொடியாவது மண்டபச் சத்தம் கசிந்திருக்காதா என்று தேடினேன். இரண்டு இடத்தில் கசிந்திருந்தது. ஒன்றில் நாயனம், இன்னொன்றில் யாரோ இருமுகிறார்கள். அந்த இருமலைப் பத்து தடவை போட்டுக் கேட்டேன். அப்பா அப்படி இருமமாட்டார்.

வெறுத்துப்போய் அந்த ஆசீர்வாதக் காட்சியில் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு இல்லாமல் அந்தக் காட்சியை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பாட்டோடு பார்த்தவரைக்கும் அப்பா பாடிக்கொண்டுதான் இருந்தார். இப்போது பேசினார்.

மியூசிக் வீடியோ எடிட் செய்கிறவர்கள் முகத்தைப் பார்க்கிறோமோ இல்லையோ, உதட்டைப் பார்ப்போம். ப வரும் இடத்திலும் ம வரும் இடத்திலும் உதடு மூடியாக வேண்டும், மூடாவிட்டால் பாடுகிறவர் பாடவில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். எத்தனையோ வருஷமாக நான் பார்த்துவரும் வேலை. அந்தப் பழக்கத்தில் தானாகவே பார்த்தேன். அப்பா எடுத்த எடுப்பிலேயே உதட்டை மூடித் திறந்தார். 'நல்லா இரும்மா' என்றால் கடைசி 'ம்மா' வரைக்கும் உதடு மூட வேண்டியதே இல்லை. உடனே இரண்டாவது தடவை மூடித் திறந்தார். பிறகு வாய் கொஞ்சம் அகன்றது. கடைசியில் இன்னொரு முறை மூடியது. ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி நானும் கூடவே வாயை அசைத்துப் பார்த்தேன்.

பாப்பா எங்கம்மா?

வீட்டில் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த வயதிலும் அக்காவுக்கு நான் பாப்பாதான். திரையில் அக்கா கையைத் தூக்கி கேமரா பக்கம் காட்டுகிறாள். அப்பா திரும்பி நேராகப் பார்க்கிறார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறார், ஏனென்றால் லைட் அவர் முகத்தில் அடிக்கிறது. லைட்டுக்குப் பின்னால் நிற்பவரின் முகம் எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. அதற்குள் நான் போட்ட இதயம் சுருங்கி அவரை மூடிவிடுகிறது.

மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. அக்கா தனக்குக் கிடைத்த ஆசீர்வாதத்தைக் கேட்கத்தான் ஆசைப்பட்டாள். அந்த இடத்தில் அப்பா என்னைத் தேடிக்கொண்டிருந்தார் என்று எந்த வாயால் சொல்வது? முதலில் அப்பா குரலை எடுத்துக்கொண்டேன், இப்போது அவள் ஆசீர்வாதத்தையும் எடுத்துக்கொள்கிறேன் என்றுதானே ஆகும்?

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிட்லபாக்கம் போனேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், அழித்தது, ரா கேசட், முதலாளி, எல்லாம். அக்காவின் முகம் கறுத்தது. "அப்ப இத்தனை வருஷமா அதுல ஒண்ணுமே இல்லையா?" என்றாள். நான் சத்தமில்லாமல் காட்சியை ஓட்டினேன். முதல் தடவை பார்த்தாள். இரண்டாம் தடவை பார்க்கும்போது அவள் கை, திரையில் இருந்த கையோடு சேர்ந்து தானாகவே மேலே எழுந்தது.

"அய்யோ, உன்னைத்தாண்டி கேட்டார்! ஆசீர்வாதம் பண்ண வந்த மனுஷன் பாதியில நிறுத்திட்டு, பாப்பா எங்கம்மான்னார். லைட்டுக்குப் பின்னாடி நிக்கிறாப்பான்னு நாந்தான் கை காட்டினேன்."

"உனக்கு வருத்தமா இல்லையாக்கா?"

"இருக்கு. அவர் கொரலைக் கேக்க முடியாதுங்கறதுல இருக்கு. சும்மா சமாதானம் சொல்ல மாட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதை அப்படியே போடு. பாட்டு கீட்டு ஒண்ணும் வேணாம்."

விழா அன்று மண்டபத்தின் பின்பக்கம், திரையை ஓட்டும் ஆபரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டேன். என் வயசுக்காரர், நரைத்த தாடி, அவரும் ஒரு காலத்தில் கேபிளில் இருந்தவராம். பாட்டோடு ஓடிக்கொண்டிருந்த படத்தில் அப்பா மேடை ஏறினார். சத்தம் நின்றது. ஆபரேட்டர் பதறிப்போனார்.

"அக்கா, சவுண்டு போச்சுக்கா!"

"போகலைண்ணா. அது அப்படித்தான்."

"இன்னாக்கா, ஹால் ஃபுல்லா பாத்துகினு கீறாங்க. ஒரு பாட்டு தட்டிவுடறேன் இரு." பாட்டு தயாராகவே இருந்தது, விரலும் பட்டன் மேல் போய்விட்டது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்ணா. பேசிக்கிட்டிருக்கார்."

மண்டபத்தில் ஒரு குழந்தை அழுதது. வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அப்பா குனிந்து கேட்டார். மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த அக்கா திரையைப் பார்க்கவில்லை, கூட்டத்துக்குள் என்னைத் தேடினாள். கண்டுபிடித்ததும் கையைத் தூக்கி நான் நிற்கும் இடத்தைக் காட்டினாள். அப்பா திரும்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இங்கதாம்பா இருக்கேன்," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படியாக.