பெர்லிதா கேட்ட பகோட்

தெற்கே போஹோல் தீவிலிருந்து பெர்லிதா, தலைநகரை ஒட்டிய மரிகினாவுக்கு வேலைக்கு வந்த காலத்தில் அவள் ஊருக்கு மின்சாரமே எட்டவில்லை; டிவி பார்த்து மொழி பழக வழியில்லை. பள்ளியில் படித்த பாடத்தோடு சரி, இங்கே பேசும் தகாலோக் மொழி அவளுக்கு. எங்கள் பக்கத்து வீட்டு ஒர்தென்சியா, தன் அப்பா இசிட்ரோவைப் பார்த்துக்கொள்ள அவளை வைத்திருந்தாள். வந்த வாரமே பெர்லிதா சோற்றைத் தீய விட்டுத் திட்டு வாங்கினாள். அதிலிருந்து அடுப்பு என்றாலே அவளுக்குப் பதற்றம்.

ஒரு முற்பகலில் பெரியவர் நாற்காலியில் சாய்ந்தபடி, "பகோட் நா" என்றார். தகாலோக்கில் அது, களைத்துவிட்டேன். பெர்லிதாவின் பேச்சில், கருகிவிட்டது. அவள் சமையலறைக்கு ஓடினாள். பானையைத் திறந்து அடிவரை கிளறிப் பார்த்தாள். சோறு நன்றாகத்தான் இருந்தது. நிம்மதியோடு திரும்பினால், பெரியவர் தரையில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

உயிர் பிழைத்தார். பேச்சு போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒர்தென்சியா அவளைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவ விட்டுட்டு எங்கடி போன?"

"சோறு பாக்கக்கா. கருகிடுச்சுன்னு தாத்தாதான் சொன்னாரு."

"பொய் வேறயா?" பளாரென்று ஓர் அறை.

என் அம்மா செபு தீவுக்காரி. அம்மாவின் பேச்சும் பெர்லிதாவின் பேச்சும் ஒன்றுதான். ஆஸ்பத்திரிக்குக் கூட வந்திருந்த நான் குறுக்கே புகுந்தேன். "அவ பொய் சொல்லல ஒர்தென்சியா. அவங்க ஊர்ல பகோட்னா கருகினதுதான்."

மறுபடி ஓங்கிய கையை ஒர்தென்சியா இறக்கினாள். "இனிமே ஏதாச்சும் புரியலன்னா கேளு. திட்ட மாட்டேன்" என்றாள்.

"புரியலன்னா கேட்டிருப்பேங்க்கா. எனக்குத்தான் புரிஞ்சிடுச்சே."



பெர்லிதா வேலையை விட்டுப் போகவில்லை. பெரியவருக்குக் கஞ்சி ஊட்டினாள், புரட்டிப் படுக்கவைத்தாள். தெரிந்த சொல்லைக்கூட வேலியோரம் வந்து என்னிடம் சரிபார்த்தாள்.

"வலதுன்னா வலதுதானே?"

"ஆமாண்டி, பைத்தியமே."

சிரிப்பாள். ஆனால் மறுநாளும் கேட்பாள்.

மழைக்காலத்தில் பெரியவர் போய்ச் சேர்ந்தார். இங்கேயே இரு என்று ஒர்தென்சியா கெஞ்சிப் பார்த்தாள். "வாயத் தொறக்கவே பயமா இருக்குக்கா. யாரு என்ன சொன்னாலும் நெஞ்சு அடிச்சுக்குது" என்றாள் பெர்லிதா. ஒர்தென்சியாவே துறைமுகத்துக்குக் கூட்டிப்போய் ஊருக்குக் கப்பலேற்றினாள்.