மாட்டினியில் இரண்டு தலை அதிகம்

விநியோகஸ்தரின் ஆள் என்று சொன்னால் அவரை யாருக்கும் தெரியாது. தலையெண்ணி என்றால் அத்தனை தியேட்டர்காரர்களும் உஷாராகிவிடுவார்கள். கோடை விடுமுறைக்குப் பெரிய நடிகரின் படம் வந்தால் கூடவே அவரும் வந்து இறங்குவார். வசூலில் விநியோகஸ்தருக்கு ஒரு பங்கு உண்டு. தியேட்டர்காரர்களோ அரங்கு நிறைய ஆளை ஏற்றிவிட்டு, முக்கால்வாசிதான் நிறைந்தது என்று கணக்குக் காட்டக் கூசாதவர்கள். அதனால் எல்லாரும் வாயைப் பிளந்து படம் பார்க்கும் நேரத்தில் இவர் பின்பக்கக் கதவு வழியாக நுழைந்து, வரிசை வரிசையாகத் தலைகளை எண்ணுவார். விற்ற டிக்கெட்டும் உட்கார்ந்திருக்கும் தலையும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் மனுஷன் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

இதில் கூத்து என்னவென்றால், தியேட்டரே கதியென்று கிடந்தவர் ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்தது கிடையாது. கண் திரைக்குப் போனால் எண்ணிக்கை தப்பிவிடும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பின்மண்டைகள்தான்.

அவருடைய மனைவிக்கு சினிமா என்றால் உயிர். "ஊரே குடும்பத்தோட படத்துக்குப் போகுது. படக்காரர் வீட்டுல இருந்துகிட்டு நாங்க மட்டும் போஸ்டரைப் பாத்துட்டு வர்றோம்" என்பாள். "இந்தப் படம் ஓடி முடியட்டும்" என்பார் இவர். அது முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். மகளுக்குப் பள்ளி விடுமுறை விடும்போதுதான் அப்பாவுக்கு வேலை கழுத்தை நெரிக்கும். விடுமுறை முடிந்து அவள் பள்ளிக்கூடம் கிளம்புகிற நாளில் இவர் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

மகள் இரண்டாம் வகுப்பு முடித்திருந்த கோடையில் ஒரு படம் சக்கைப்போடு போட்டது. மனைவி இனி இவரை நம்பிப் பிரயோஜனமில்லை என்று மகளைக் கூட்டிக்கொண்டு மாட்டினிக்குக் கிளம்பிவிட்டாள். டிக்கெட் தீர்ந்துபோயிருந்தது. டிக்கெட் கிழிக்கும் கேட்காரருக்கு அவளைத் தெரியும்.

"உங்களுக்கெல்லாம் டிக்கெட்டாம்மா? உள்ள வாங்க" என்று கடைசி வரிசைக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டார்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க. இடைவேளையில நாங்களே போய் முன்னாடி நிக்கிறோம்" என்றாள் அவள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தலையெண்ணி வழக்கம்போல எண்ணினார். இரண்டு அதிகம். திரும்ப எண்ணினார். அப்போதும் இரண்டு அதிகம். அவ்வளவுதான், மேனேஜரைக் கூப்பிட்டு ஒரே சத்தம். படத்தை நிறுத்தச் சொன்னார். கேட்காரர் அவர் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தார். உதறிவிட்டு, கடைசியில் இருந்த நாற்காலிகளின் மேல் டார்ச் அடித்தார். வெளிச்சம் மகளின் முகத்தில் விழுந்தது. அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு "அப்பா" என்றாள்.

அங்கேயே சிரித்திருக்கலாம். அசடு வழிந்திருந்தாலும் போதும், ஊர் மறந்திருக்கும். ஆனால் விளக்கைப் போட்டாகிவிட்டது, அரங்கமே திரும்பிப் பார்க்கிறது. மேனேஜர் வேறு இளித்துக்கொண்டே, "நம்ம வீட்டம்மாதானே சார், விடுங்க" என்றார். அந்த 'விடுங்க'தான் இவரைக் குத்தியது. இன்றைக்கு விட்டால் நாளைக்கு அவன் சொந்தக்காரப் பட்டாளத்தையே உள்ளே விட்டுவிட்டு இதையே சொல்லிக்காட்டுவான் என்று விறைத்துக்கொண்டு நின்றார்.

மனைவி எழுந்தாள். பர்ஸைத் திறந்தாள். "ரெண்டு டிக்கெட் எவ்வளவுங்க?" என்று யாரோ ஒருவரிடம் கேட்பதுபோல் அவரிடம் கேட்டாள்.

அவர் விலையைச் சொன்னார். பாவி மனுஷன், சொன்னதோடு நிற்காமல் கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். கணக்கு நேரானது.

அன்று இரவு அவள் எதுவும் கேட்கவில்லை. சாப்பாடு போட்டாள், பாய் விரித்தாள். சண்டை போட்டிருந்தால் ஆறியிருக்கும். அதன் பிறகு அவள் தியேட்டர் வாசலை மிதிக்கவில்லை. போஸ்டரைப் பற்றிக்கூடப் பேசுவதில்லை. அந்தப் பேச்சில்லாமல்தான் அவர் இத்தனை காலமும் வெந்துகொண்டிருந்தார்.

இப்போது அவர் ஓய்வு பெற்றாயிற்று. எங்கே எத்தனை டிக்கெட் விற்றது என்பதைக் கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது, தலையை எண்ண ஆள் வேண்டாம். இந்தக் கோடையில் பெரிய படம் ஒன்று வருவதாக இருந்தது. ஒரு வாரம் மனைவியின் பின்னாலேயே சுற்றினார். கடைசியில், "சரி, வர்றேன். தொணதொணக்காதீங்க" என்றாள். வெளியூரில் குடித்தனம் இருக்கும் மகள் போனிலேயே முதல் நாளுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துக்கொடுத்தாள். கிழவருக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மனைவியின் பக்கத்தில் திரையைப் பார்த்து உட்கார்ந்தார்.

விளக்கு அணைந்தது. படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், தாமதமாக வந்த யாருக்கோ இடம் காட்ட ஒரு பையன் டார்ச்சோடு வந்தான். வெளிச்சம் அவர்கள் வரிசையைத் தடவிக்கொண்டு போனது. மனைவி சட்டென்று கைப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். வெளிச்சம் போன பிறகும் இறக்கவில்லை.

அவர் அதைப் பார்த்தார்.

"போலாமா?" என்றார்.

"நீங்க பாருங்க. நான் வெளிய உக்காந்திருக்கேன்."

"உன்ன விட்டுட்டு எனக்கென்ன படம்" என்று எழுந்துவிட்டார். இருவரும் பாப்கார்ன் கடைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உள்ளே விசில் பறந்தது. "அன்னைக்கு அந்தக் காச நான் வாங்கியிருக்கக் கூடாது" என்றார். அவள் அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் மகள் போன் பண்ணினாள்.

"படம் எப்படிப்பா? முதல் நாள் வசூலே பழைய ரெக்கார்டெல்லாம் காலியாம். எல்லா இடத்துலயும் ஹவுஸ்ஃபுல்னு போட்டிருக்கான்."

"எங்க தியேட்டர்ல ரெண்டு தலை கம்மிம்மா" என்றார் அவர்.