சாவி போட்டதும் எரியும் விளக்கு

காவல் நிலையத்திலிருந்து வண்டி திரும்பி வந்தபோது அதன் வலது கண்ணாடி இல்லை. ஹேண்டிலின் வலது முனை சிராய்ந்திருந்தது. கால் வைக்கும் கட்டை மடங்கியிருந்தது. டேங்கின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல். மற்றபடி நன்றாகவே இருந்தது. சாவியைத் திருகினால் கிளம்பியது.

விபத்துச் செய்திகளை ஐந்து வரியில் எழுதிப் பழகியவள் நான். அவற்றில் வண்டியின் நிலையைப் பற்றி எதுவும் வராது. இடம், வயது, சம்பவ இடத்திலேயே, வழக்குப் பதிவு. என் கணவரின் செய்தியை வேறு யாரோ எழுதினார்கள். மறுநாள் படித்தேன். பிழை இல்லை. விபத்து நடந்த செவிலிமேட்டின் பெயரும் அவர் வயதும் சரியாக இருந்தன.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டின் முன்னறை முழுக்கத் தறி. தறிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள நடையில்தான் வண்டி எப்போதும் நிற்கும், முகத்தைத் தெருப் பக்கம் வைத்து. அதனால் அதன் மீட்டர் தறியைப் பார்த்தபடி இருக்கும். குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் என் மாமனாருக்கு, நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

விபத்து நடந்த அன்று காலையிலும் பட்டது. மகன் வண்டியை வாசற்படி வரை தள்ளிச் சாவி போட்டதும் மீட்டரில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. சக்கரம் போன்ற வட்டத்துக்குள் மூன்று ஆங்கில எழுத்து. இன்னாடா அது மஞ்சளா எரியுது என்று கேட்டார். ஒண்ணும் இல்லப்பா என்று சொல்லிவிட்டு இவர் போய்விட்டார். நான் சமையலறையில் இருந்தேன். இரண்டு குரலும் கேட்டன.

திரும்பிய லாரிக்காக பிரேக் பிடித்தபோது வண்டி சறுக்கியது என்று லாரிக்குப் பின்னால் வந்தவர் சொன்னார்.

காரியம் முடிந்ததும் நாத்தனார் வண்டியை விற்றுவிடச் சொன்னார். கண் முன்னால் நிற்க வேண்டாம் என்றார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "அது சொல்லிச்சு. நாமதான் கேக்கல" என்றார். இதை ஒரே ஒரு முறைதான் சொன்னார். அதன் பிறகு கேள்வி மட்டும். காபி கொடுக்கும்போது, விளக்கு வைக்கும்போது, சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போது.

"லைட்டு ஏம்மா எரிஞ்சுக்கினு இருந்துச்சு?"

தறியில் ஒரு சேலை பாதியில் நின்றது. அரக்குச் சிவப்பு உடல், பச்சைக் கரை. பாவு நூல்களின் மேல் ஒரு பழைய வேட்டியை விரித்து மூடியிருந்தார். குழியில் இறங்கவே இல்லை. தறிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதில் கிடைத்தால் இறங்குவார் என்று நான் நம்பியதாகச் சொல்ல முடியாது. பதில் இல்லாமல் இறங்க மாட்டார் என்பது மட்டும் தெரிந்தது.

எனக்கு அந்த நாட்களில் குறிப்பாக எதுவும் தோன்றவில்லை. பசித்தால் சாப்பிட்டேன். அனுப்பச் சொன்ன பிரதிகளைத் திருத்தி அனுப்பினேன். துணி காயப் போடும்போது அவருடைய சட்டைகள் இல்லாததால் கொடியில் இடம் மிச்சமிருந்தது. அதைக் கவனித்தேன்.

ஒரு காலையில் வண்டியை எடுத்தேன். கியர் வண்டி எனக்குப் புதிதில்லை. சென்னையில் நிருபராக இருந்தபோது ஓட்டியதுதான். சாவி போட்டதும் மஞ்சள் விளக்கு எரிந்தது. மாமா நாற்காலியில் நிமிர்ந்தார். தெருமுனையைத் தாண்டியதும் அணைந்தது. ஓரிக்கை சாலைக்கு இடப்பக்கம் வளைத்தபோது திரும்பவும் எரிந்தது. பிறகு அணையவில்லை.

ஓரிக்கை சாலையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்குக் கிட்டத்தட்ட என் வயது. என் கணவருக்கு வழக்கமானவர். வண்டியைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்தார். பிறகு ஏற்கெனவே துடைத்த கையையே இன்னொரு முறை துடைத்தார். உட்காருங்கக்கா என்றார்.

அங்கே ஏற்கெனவே ஒரு பட்டுத் தரகர் உட்கார்ந்திருந்தார். அவர் வண்டி மீட்டரில், எஞ்சின் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில், மெரூன் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. ராத்திரியில் கண்ணைக் கூசுகிறது என்று வீட்டம்மாவிடம் வாங்கி ஒட்டினாராம்.

"பொட்டு வெச்சிட்டா லைட்டு அணைஞ்சிடுமா, அண்ணே?"

"எரிஞ்சா எரியட்டும்பா. நான் பாக்கலல்ல."

"அப்ப எதுக்கு இங்க வந்தீங்க?"

"வண்டி நின்னுபோச்சு."

மெக்கானிக் சிரித்தார். தரகரும் சிரித்தார். எனக்குப் புரிந்தது, ஆனால் முகத்தில் எதுவும் வரவில்லை. அதைக் கவனித்த தரகர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு டீ வாங்கிவரப் போனார்.

மெக்கானிக் சீட்டைக் கழற்றி, அடியில் இருந்த பிளக்கில் ஸ்கேனரைச் சொருகினார். கைபேசியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி. அதில் கோளாறின் குறியீடாக ஒரு எழுத்தும் சில எண்களும் வந்தன. முன்சக்கர சென்சார் என்றார். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை அது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ்ஸுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமாம். சொல்வது நின்றால் ஏபிஎஸ் தன்னை அணைத்துக்கொண்டு விளக்கை ஏற்றிவிடும். பிரேக் வழக்கம்போலப் பிடிக்கும். ஆனால் இறுக்கிப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இந்தக் கோளாறு எப்போது வந்தது என்பது அதில் தெரியுமா என்று கேட்டேன்.

"எரர் கோடு இருக்குதுக்கா. தேதி இல்ல."

விபத்தில் ஆனதாக இருக்கலாமா என்றேன். இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும் என்றார். மாமா அன்று காலையில் பார்த்ததை அவரிடம் சொன்னேன். மகன் கிளம்பும் முன்பே எரிந்தது என்று. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நிக்கிற வண்டில சாவி போட்டா அது எரியணும்க்கா. எரியலன்னாதான் கவலைப்படணும். வண்டி நகந்து கொஞ்சம் ஸ்பீடு வந்ததும் தானா அணைஞ்சிடும்."

எல்லா வண்டியிலுமா என்று கேட்டேன். ஏபிஎஸ் இருக்கிற எல்லாத்துலயும் என்றார். காட்டச் சொன்னேன். கேட்டதோடு விட்டுவிடாத பழக்கம். சர்வீசுக்கு வந்திருந்த ஒரு புது வண்டியின் சாவியைத் திருகினார். அதே மஞ்சள். பின்னால் உட்காரச் சொல்லிச் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டினார். அணைந்தது.

அப்படியென்றால் மாமா பார்த்தது எல்லா வண்டியிலும் எரியும் விளக்காக இருக்கலாம். மாமாவின் கேள்விக்கு அங்கேயே ஒரு பதில் இருந்தது. நான் அப்போதே கிளம்பியிருக்கலாம். ஆனால் என் வண்டியில் நடு வழியில் எரிந்த விளக்கு எல்லா வண்டியிலும் எரிவது இல்லை.

அவர் அந்தக் குறியீட்டை அழித்தார். ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பி ஓட்டினார். திரும்ப வந்தது. வேறு சென்சார் போட்டுப் பார்த்தார். அப்போதும் வந்தது. சென்சார் இல்லக்கா, வயரு என்றார். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வயரில் வைத்துக்கொண்டு, உள்ளே கம்பிகள் ஒட்டினால் கத்தும் என்று சொல்லி, என்னை ஹேண்டிலைத் திருப்பச் சொன்னார். வலப்பக்கம் திருப்பினேன், சத்தமில்லை. இடப்பக்கம் திருப்பினேன், மல்டிமீட்டர் கீச்சென்றது. சக்கரத்திலிருந்து வயரைத் தடவிக்கொண்டே மேலே வந்தார். ஹெட்லைட்டுக்கு அடியில் அவர் விரல் நின்றது.

"இது இன்னாக்கா கட்டி வெச்சிருக்கீங்க?"

குனியும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு சேலையையும் தறியிலிருந்து அறுக்கும்போது, கரையில் மிஞ்சும் சரிகையில் ஒரு இழையை மாமா தனியாக எடுத்துவைப்பார். அதை வீட்டில் எதிலாவது கட்டுவார். நல்லது என்பார். வேறு விளக்கம் கிடையாது. தெருவில் மற்ற வீடுகளிலும் உண்டா என்று நான் விசாரித்ததில்லை. எங்கள் கதவுத் தாழ்ப்பாளில் உண்டு. கேஸ் அடுப்பின் திருகில் உண்டு. என் லேப்டாப் பையின் கைப்பிடியில் உண்டு. லேப்டாப்பை எப்பப்பா தறியில பூட்டப் போற என்று இவர் கேலி செய்வார். வண்டி வந்த நாளில் மாமா அதற்கும் ஒன்று கட்டினார். பிறகு இந்த வயரைப் பிடித்திருந்த கிளிப் உடைந்து வயர் தொங்கியபோது, தொங்குகிற இழையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாதவர், சரிகையை அங்கேயே கட்டத் தொடங்கினார். கட்டின மாதிரியும் ஆச்சு, வயரு நின்ன மாதிரியும் ஆச்சு என்றார். ஒவ்வொரு சேலைக்கும் ஒரு சுற்று. நெசவுக்காரர் முடிச்சு. நழுவாது.

நல்ல சரிகை பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றியது. ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் அது வயரின் மேலுறையை அறுத்திருக்கிறது. உள்ளே இருந்த இரண்டு கம்பிகளையும் தொட்டு ஒன்றாக்கியிருக்கிறது. கம்பிகள் அந்த இடத்தில் பச்சை பூத்திருந்தன.

"இது இப்ப ஆனது இல்லக்கா" என்றார் மெக்கானிக். "ரொம்ப நாளா அறுத்துக்கினு இருந்திருக்குது. வெள்ளியாச்சே, கரண்டு போகும்."

அன்று ஏபிஎஸ் வேலை செய்திருக்குமா என்று கேட்டேன். ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பி இருந்தது என்று கேட்டார். தெரியாது. சாலையில் டயர் தடம் இருந்தது, பார்த்தேன் என்றேன். எவ்வளவு நீளம் என்றார். பட்டறையிலிருந்து கேட் வரை கையால் காட்டினேன். முன்சக்கரத்துடையதா, பின்சக்கரத்துடையதா? இந்த வண்டியில் முன்சக்கரத்துக்கு மட்டும்தான் ஏபிஎஸ், பின்சக்கரம் எப்படியும் பூட்டிக்கொண்டு தடம் போடும் என்றார். முன்சக்கரத் தடம் என்றால் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை என்று பொருள். பின்சக்கரத் தடம் என்றால் ஒன்றுமில்லை. எந்தச் சக்கரம் என்று பார்க்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தத் தடத்தின் மேல் அதற்குள் எத்தனையோ பேருந்துகள் போய்விட்டன.

"சொல்ல முடியாதுக்கா" என்றார். அவர் சொன்னதில் எனக்கும் திருத்த எதுவும் இல்லை.

சரிகையை வெட்டி எடுத்தார். கம்பிகளைச் சுத்தம் செய்து, புது உறை போட்டு, கறுப்பு கிளிப்பில் மாட்டினார். அன்று மாலைக்குள் கண்ணாடியும் போட்டுவிட்டார். வெட்டிய சரிகையைத் தூக்கிப் போடவா என்று கேட்டார். வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வண்டியை வாசற்படி வரை தள்ளி, சாவி போட்டேன். மஞ்சள் விளக்கு.

"பாருங்க மாமா. இது எல்லா வண்டியிலயும் எரியும். சாவி போட்டா எரியணும். நகந்தா அணையும்."

அவர் நம்பவில்லை. வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் எரிவது மட்டும்தானே தெரியும், அணைவது எப்படித் தெரியும்? பின்னால் உட்காரச் சொன்னேன். சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். எதிர்வீட்டு அத்தை தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர், "இன்னா மாமா, மருமவ ஓட்ட நீ ஊர்கோலம் போறியா?" என்றார். சொன்ன பிறகுதான் எந்த வண்டி என்று பார்த்தார் போல. குடத்தோடு உள்ளே போய்விட்டார்.

முனைக் கடைக்கு முன்பே விளக்கு அணைந்தது. என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரின் மூச்சு காதில் பட்டது.

"அணைஞ்சிடுச்சு."

"ஆமா மாமா."

"அப்ப அன்னைக்கும்?"

"அன்னைக்கும் இப்படித்தான் எரிஞ்சிருக்கும்."

அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. என் மேசைக்கு வந்திருந்தால் நான் அதை அப்படியே விட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் இறங்கி வண்டியின் முன்பக்கம் போனார். ஹெட்லைட்டுக்கு அடியில் கையை விட்டார். "சரிகை எங்கம்மா?"

பழைய வயரைச் சரி செய்ய வேண்டியிருந்தது, அவிழ்த்துவிட்டார்கள் என்றேன். தலையாட்டினார். வேறு ஒன்று கட்டிவிடலாமே என்று நாத்தனார் உள்ளேயிருந்து சொன்னார். "அறுத்தாத்தான் கட்டணும்" என்றார் மாமா. பாவின் மேலிருந்த வேட்டியை எடுத்து மடித்தார். விரலால் இழைகளை ஒரு முறை தடவினார். சில அறுந்திருந்தன. அவற்றை முடிபோட்டு முடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. சாப்பிட்ட பிறகு குழியில் இறங்கினார். நான் அடுத்த அறையில் பிரதி திருத்திக்கொண்டிருந்தேன். தறிச் சத்தம் கேட்டது. முதலில் நடுநடுவே நின்றது, பிறகு நிற்கவில்லை.

சேலையை அறுத்த அன்று, சரிகை இழையை விரலில் சுற்றிக்கொண்டு வண்டியின் முன்னால் குனிந்தார். நான் கதவருகில் இருந்தேன்.

"கண்ணாடிக் கம்பியில கட்டுங்க மாமா."

"எப்பவும் இங்கதானம்மா கட்டுவேன்."

"அங்க வேணாம் மாமா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு வயரைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த புதுக் கறுப்பு கிளிப்பை விரலால் ஒரு முறை தொட்டார். ஏன் என்று கேட்கவில்லை. கண்ணாடிக் கம்பியில் இழையைச் சுற்றி முடிச்சுப் போட்டார். இறுக்கவில்லை.

நான் சாவி போட்டேன். விளக்கு எரிந்தது. பால் வாங்கப் போனேன்.