ஏழு பேரில் ஒருத்தி

ஆளைப் பார்த்த உடனே திறமையை எடை போட்டுவிடும் கண் எனக்கு இருக்கிறது என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். நம்பியதோடு விட்டேனா, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கைத்தொலைபேசி தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குள் வந்துவிட்டது, இணையம் மட்டும் டவுனைத் தாண்டாமல் நின்றது. அந்த நாட்களின் கதை இது.

கொழும்பில் இணைய விளையாட்டுக் கம்பெனி ஒன்று இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வீட்டில் இருந்தபடியே கணினியில் கோட்டை கட்டுவார்கள், மாடு வளர்ப்பார்கள், பக்கத்துக் கோட்டைக்காரனோடு சண்டை பிடிப்பார்கள். சண்டை என்றால் முறைப்பாடு வரும்தானே. "என் வாளைக் காணவில்லை." "என் பசுவை ஒருவன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான்." இவற்றுக்கெல்லாம் சிரிக்காமல், பணிவான இங்கிலீசில் பதில் எழுத ஆட்கள் தேவைப்பட்டார்கள். மலையகத்துப் பிள்ளைகள் பொறுமைசாலிகள் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அட்டனில் ஒரு பேக்கரியின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, ஏழு கணினிகளை வைத்து, என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். ஆறு பேரை நான் சேர்க்க வேண்டும். ஏழாவது நாற்காலி எனக்கு. பொறுப்பாளரும் மற்றவர்களைப் போலவே முறைப்பாடு பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

எங்கள் லயத்தில் மேசை போட்டு உட்காரும் வேலைக்குப் போன முதல் ஆள் நான். அதனால் தலையில் கொஞ்சம் கனம் இருந்தது. கொஞ்சம் என்று சொல்வதுகூட அன்றைய என் மேல் இப்போது எனக்குள்ள பாசத்தால்தான்.

"வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பெண்கள் தேவை" என்று எழுதி கொட்டகலை ஸ்டேஷனிலும் அட்டன் பஸ் நிலையத்திலும் ஒட்டினேன். மறுநாள் காலை பேக்கரிப் படிக்கட்டு முழுக்கத் தாய்மார். ஒவ்வொருவர் கையிலும் மகளின் பாஸ்போர்ட், நாலு போட்டோ, மருத்துவச் சான்றிதழ்.

"சவுதிங்களா மிஸ், குவைத்துங்களா?" என்று முன்னால் நின்றவர் கேட்டார்.

"ரெண்டும் இல்லம்மா. இங்கதான். அட்டன்ல."

"அட்டனுக்கு எதுக்கு மிஸ் வெளிநாட்டுக் கம்பெனி?"

பாதிப் பேர் பாஸ்போர்ட்டைச் சேலைத்தலைப்பில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்கள். மீதிப் பேரின் மகள்களுக்கு நேர்முகத் தேர்வு வைத்தேன். கேள்விகள் கொழும்பிலிருந்து வந்தவை. ஐந்து வருஷத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்பது ஒன்று. பூண்டுலோயாவிலிருந்து வந்த பிள்ளை நன்றாக யோசித்துவிட்டு, "பஸ்ஸு நேரத்துக்கு வந்தா இங்கதாங்க அக்கா" என்றாள்.

இன்னொருத்திக்கு முப்பது வயது இருக்கும். உயர்தரப் பரீட்சை வரை படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல் மூன்று வருஷம் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். இங்கிலீசு எழுத்து மணி மணியாக இருந்தது. உங்களிடம் தலைமைப் பண்பு உண்டா என்று கேட்டேன். "முன்னுக்கு நடந்து பழக்கமில்லீங்க" என்றாள். படிவத்தில் 'தலைமை: குறைவு' என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். வயதில் மூத்தவள் என்பதால் மற்றவர்கள் அவளைப் பெரியக்கா என்று கூப்பிட்டார்கள்.

ஆறு பேரும் சேர்ந்தாயிற்று. இனி அவர்களை நடத்த வேண்டுமே. தினமும் காலை எட்டரைக்கு வரிசையாக நிற்கவைத்து, ஊக்கம், இலக்கு, வெற்றி என்று பத்து நிமிஷம் பேசுவேன். தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை நிறுத்தி, இன்றைக்கு உனக்கு இந்த மலை என்று பிரித்து அனுப்புவார்களே, பெரட்டு, அந்தப் பெயரையே என் கூட்டத்துக்கும் வைத்துவிட்டார்கள். "சீக்கிரம் வாங்கடி, பெரட்டுக்கு நேரமாச்சு" என்று படிக்கட்டில் கேட்கும். என் அப்பாவிடம் முறையிட்டேன். அவர் ஒரு பாட்டம் சிரித்து முடித்துவிட்டு, "பெரட்டுல இருந்து தப்பிக்கத்தான் ஒன்னயப் படிக்க வச்சேன். நீ டவுனுல போயி பெரட்டுப் போடுறியா?" என்றார்.

முறைப்பாடுகள் சமமான ஏழு வரிசைகளாகப் பிரிந்து ஏழு கணினிகளுக்கு வரும். மேற்பார்வைக்கு வசதி என்று ஏழு கணினிகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை நானே போட்டிருந்தேன். ஐந்து மணிக்கு யார் எத்தனை முடித்தார்கள் என்ற அறிக்கை தானாகக் கொழும்புக்குப் போய்விடும்.

நாலாவது மாதம் கொழும்பு மேலாளர் போன் எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முன்னர் எங்கோ கணித ஆசிரியராக இருந்தவராம். குரலில் பிரம்பு இன்னும் இருந்தது.

"பிள்ளை, உங்கட ஆக்கள் மனுசரோ மிசினோ?"

"ஏன் சார்?"

"ஏழு பேருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரே எண்ணிக்கை. கள்ள விளையாட்டுப் பிடிக்கிற பகுதி உங்கள் எல்லாரையும் கம்ப்யூட்டர் எண்டு நினைச்சுச் சந்தேகப் பட்டியலில போட்டிட்டுது."

நான் பூரித்துப் போனேன். என் வேகத்தைப் பார்த்து மற்றவர்கள் அதற்குத் தங்களைப் பழக்கிக்கொண்டார்கள் என்று அவருக்கு விளக்கினேன். நல்ல தலைமை என்றால் அப்படித்தான் ஆகும் சார் என்றும் சொன்னேன். கூச்சமே இல்லாமல் சொன்னேன். அவர் அடுத்த விஷயத்துக்குப் போனார்.

"சரி. எண்டாலும் விளையாடுற ஆக்கள் குறைஞ்சு போச்சினம். உங்கட கிளையில ஏழு இடத்தில ஒண்டை எடுக்கச் சொல்லி மேலிடம் சொல்லுது. ஆரு பின்தங்கின ஆள் எண்டு எனக்குத் தெரியேல்லை, எல்லாம் ஒரே நம்பர். வெள்ளிக்கிழமை ஒரு பேர் சொல்லும்."

போனை வைத்த அடுத்த நிமிஷமே என் மனசு ஒரு பெயரைத் தேர்ந்துவிட்டது. பூண்டுலோயாப் பிள்ளை. மழை நாளில் பஸ் பிந்தும், அவளும் பிந்துவாள். இரண்டு விரலால்தான் டைப் அடிப்பாள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் தேர்ந்தேன். நியாயமாக நடந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு அத்தாட்சி மட்டும் தேவைப்பட்டது.

வியாழக்கிழமை பெரட்டில் விஷயத்தை உடைத்துச் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஒரு பெயர் கொடுக்க வேண்டும் என்றேன். ஏழு கணினிகளின் கடவுச்சொற்களையும் மாற்றி, ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்தேன். "இன்னைக்கு அவங்கவங்க வரிசைய அவங்கவங்கதான் முடிக்கணும். அடுத்தவங்க கம்ப்யூட்டருல யாரும் கை வைக்கக் கூடாது." பெரியக்கா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அன்றைக்கு முழுக்க நான் ஓயவில்லை. ஒவ்வொருத்தியின் பின்னாலும் கடிகாரத்தோடு நின்றேன். இடையில் கொழும்போடு இரண்டு தரம் பேசினேன், பேக்கரிக்காரரிடம் தண்ணீர்க் குழாய் பற்றிச் சண்டை போட்டேன். மூன்று மணிக்குப் பெரியக்கா முடித்தாள். நாலுக்குள் வேறு நாலு பேர். பூண்டுலோயாப் பிள்ளை இரண்டு விரலாலும் தட்டித் தட்டி, நாலரைக்கு அவளும் முடித்துவிட்டாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பிறகுதான் என் இடத்தில் உட்கார்ந்து என் திரையைப் பார்த்தேன். பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. காணாமல் போன பசுக்கள் எல்லாம் என் தொழுவத்தில்தான் நின்றன.

"இதென்ன, இன்னைக்கு எனக்கு மட்டும் இவ்வளவு வந்திருக்கு? மிசின்ல ஏதோ கோளாறு."

பூண்டுலோயாப் பிள்ளை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெனமும் அவ்வளவுதாங்க அக்கா வரும்" என்றாள் பெரியக்கா.

"அப்ப தெனமும் யாரு முடிக்கிறது?"

"வெள்ளன முடிச்சவ யாரோ, அவ. மலையில தன்னோட நெரை வரிசைய முடிச்சவ கூடையோட சும்மா நிப்பாளா? பின்தங்கினவ நெரையில மறுபக்கமா எறங்கி எடுத்துக்கிட்டே எதிருக்க வருவா. அந்தப் பழக்கந்தாங்க. இவ பஸ்ஸு பிந்துனா இவளோடத எடுப்போம். மத்த நாளெல்லாம், நீங்க போன் பேச எழும்பினதும், ஒங்களோடத. பாஸ்வேர்டுதான் எல்லாத்துக்கும் ஒண்ணாச்சே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கொழுந்து எடுத்துக் குடுத்துட்டுச் சொல்லிக் காட்டுவாங்களா?" அவள் குரலில் குத்தல் இல்லை. "நீங்க கொழும்போட பேசுறீங்க, எங்களுக்காகச் சண்டை போடுறீங்க. ஒங்க கூடையையும் சேத்து நெரப்புறது எங்களுக்குப் பாரமில்லீங்க."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. அதற்கும் பிறகு, என் வேகத்தைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள் என்று மேலாளரிடம் அளந்தது ஞாபகம் வந்து, அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். ஆறு பேரும் அதற்காகவே காத்திருந்தவர்கள் மாதிரிச் சேர்ந்து சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் பெயர் கேட்டார். என் பெயரைச் சொன்னேன்.

"பகிடி விடாதேயும்."

"பகிடி இல்ல சார். நேத்து அளந்து பாத்தேன், ரிப்போர்ட்டும் ஒங்களுக்கு வந்திருக்கும். ஏழு பேருல நான்தான் கடைசி."

"அப்ப ஆர் நடத்துறது?"

"ஏற்கெனவே நடத்திக்கிட்டுத்தான் இருக்காங்க" என்று சொல்லி, போனைப் பெரியக்காவிடம் கொடுத்தேன். அவள் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். வேறு வேலை எதுவும் எனக்குக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. நான் பெரிய தியாகி என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பெயரைத் தவிர வேறு எந்தப் பெயரைச் சொல்லியிருந்தாலும் மறுபடி அந்தப் படியில் ஏற எனக்கு முகம் இருந்திருக்காது.

மாதக் கடைசியில் என் சாமான்களை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நாலு வார்த்தை பேசலாம் என்று தயார் செய்து வைத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து ஏதோ கோட்டையில் பெரிய கலவரம், முறைப்பாடுகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. ஆறு பேரில் ஒருத்திகூட எழும்பவில்லை. ஒரு நிமிஷம் மனசு சுருங்கிப் போனது. பிறகு வாசலில் நின்று பார்த்தேன். தன் வரிசையை முடித்த பெரியக்கா, நாற்காலியை இழுத்துக்கொண்டு பூண்டுலோயாப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளும் திரும்பிப் பார்க்காமல் சற்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.

நான் சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன்.