உதவி செய்யாத பள்ளிக்கு அங்கீகாரம்

முதல் நாள்

இந்தப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் ஏச்சு வாங்கினேன். பெரிய ஏச்சு இல்லை. பயிற்சிச் சமையலறையில் ஒரு அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். அங்கே படிப்பிக்கிற சுகந்தி மிஸ் என்னைக் கதவுப் பக்கம் கூப்பிட்டார்.

"செல்வம், அவா குனிஞ்சு எடுக்கத்தான் இவ்வளவு நாளாப் பழகிறா. இண்டைக்கு எடுத்திருப்பா. அதுக்குள்ள நீங்கள் எடுத்துக் குடுத்திட்டீங்கள்."

"சொறி மிஸ். பாத்துக்கொண்டு நிக்க ஏலாமப் போச்சு."

"ஒருத்தருக்கும் ஏலாதுதான். கையைப் பின்னால கட்டிக்கொண்டு நில்லுங்கோ. அப்ப ஏலும்."

எங்கள் பள்ளியின் பழக்கம் அது. நோயாளி ஒரு வேலையைச் செய்யும்போது மாணவர், ஆசிரியர், அங்கே கூட்டித் துடைக்கும் நான், எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்போம். சுடுதண்ணீர் சரியப்போனால், ஆள் விழப்போனால் மட்டும் கை முன்னுக்கு வரும். புதிதாக வருகிறவர்கள் பார்த்தால் பொலிஸ் பரேட் என்று நினைப்பார்கள்.

பள்ளி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு பழைய வீடு. ரெயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும். அங்கே படிப்பிப்பது ஓ.டி., எழுத்தில் தொழில் சிகிச்சை. பாரிசவாதம் வந்தவர்கள், அடிபட்டுக் கைகால் வழங்காதவர்கள், தங்கள் நாளாந்த வேலைகளை மறுபடி தாங்களே செய்யப் பழக்குகிற வைத்தியம் அது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அங்கே எனக்கு வேலை கிடைத்ததற்குக் காரணம், நானும் முன்பு மிஸ்ஸின் நோயாளி. அந்தக் கதை பின்னால் வரும்.

இதை எழுதச் சொன்னது மிஸ்தான். உதவியாளர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்றார். வாயால் சொல்லச் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கு லீவு எடுத்திருப்பேன். எழுதுவது பரவாயில்லை, யாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை.

அவர்கள் என்ன பார்க்க வருகிறார்கள்

ஒரு பள்ளி ஓ.டி. படிப்பித்துச் சான்றிதழ் கொடுத்தால் மட்டும் போதாது. அந்தத் தொழில் செய்பவர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. அவர்கள் ஆட்களை அனுப்பி, இந்தப் பள்ளி சரியாகத்தான் படிப்பிக்கிறதா என்று பார்த்து அங்கீகாரம் கொடுக்க வேண்டும். என்னென்ன பாடம், படிப்பிக்கிறவர்களின் தகுதி என்ன, மாணவர்கள் ஆஸ்பத்திரியில் எத்தனை மணி நேரம் தகுதியான ஒருவரின் கண்ணுக்கு முன்னால் வேலை பழகினார்கள், படிப்பிப்பது இந்த நாட்டு மக்கள் வாழ்கிற விதத்துக்குப் பொருந்துகிறதா, எல்லாம் பார்ப்பார்கள். நோயாளிகளோடும் தனியாகக் கதைப்பார்கள்.

முதல் முறை வந்தவர்கள் அங்கீகாரத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். பாடங்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் படித்தது நோயாளியிடம் போய்ச் சேருகிறதா என்று தெரியவில்லை என்றார்களாம். இரண்டாம் முறை வருவோம், அப்போதும் திருப்தி இல்லை என்றால் புது மாணவர்களைச் சேர்க்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். இருக்கிற பிள்ளைகளின் சான்றிதழும் வெளியில் செல்லாது.

கடைசி வருடத்தில் தர்ஷினி என்று ஒரு பிள்ளை இருந்தது. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அறை எடுத்துத் தங்கியிருந்தது. காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வருவோம்.

"அண்ணே, அவங்க இல்லைன்னு சொல்லிட்டா நான் வீட்ல போய் என்னா சொல்றது? நாலு வருசம் கொழும்புல என்னா படிச்சேன்னு கேப்பாங்களே."

"சீட் ஒண்டு காலியாகுது, இருங்க பிள்ளை" என்றேன். கஷ்டமான நேரத்தில் எனக்கு வருகிற பேச்சு அவ்வளவுதான்.

புது டின்

பள்ளியின் நிர்வாகம் ஹனீபா சேர். நல்ல மனுசன். வீட்டுக்கு ஆள் வந்தால் வயிறு வெடிக்கும்வரை சாப்பிடக் கொடுத்துத்தான் அனுப்புவார். சங்கத்தின் குழு இரண்டாம் முறை வருகிறது என்றதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் பின்னேரம் சமையலறைக்கு வந்து சுற்றிப் பார்த்தார்.

"என்ன செல்வம் இது? இந்த டின்ன பாருங்க, சைக்கிள் டியூப் சுத்தி ஈக்கி. கரண்டிக்குத் துணி சுத்தி ஈக்கி. தேங்காத் திருவலையப் பலகையில ஆணியடிச்சு வெச்சீக்கி. வெளிநாட்டு ஆள் வாரா. என்ன நெனப்பா?"

"நோயாளிமார் பழகிற சாமான், சேர்."

"எனக்கு விளங்குது. நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் உள்ள வைங்க. வார ஆக்களுக்கு ஒரு மரியாதை வேணும்தானே."

நான் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு ஸ்டோர் அறையில் வைத்தேன். சேர் பம்பலப்பிட்டியில் போய்ப் புது டின், புதுக் கேத்தல், புதுக் கோப்பை எல்லாம் வாங்கி வந்தார். மேசைக்குப் பூப்போட்ட விரிப்பும் வந்தது. மிஸ் அன்று ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டார். மறுநாள் காலை அவர் வந்து அதையெல்லாம் பார்த்தபோது குழுவின் வான் வாசலில் நின்றது.

வந்தது இரண்டு பேர். வெளிநாட்டு அம்மா ஒருவர், நல்ல உயரம். மற்றவர் குமாரி மெடம், கண்டியில் நீண்ட காலம் ஓ.டி. ஆக இருந்த சிங்களப் பெண். தமிழும் கதைப்பார், மெதுவாக.

மணியம் ஐயா தேத்தண்ணி போடுவதைக் காட்டுவதாக ஏற்பாடு. அவர் வெள்ளவத்தைக்காரர், ஓய்வுபெற்ற கிளாக்கர். பாரிசவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. தர்ஷினி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றது.

ஐயா ஒரு கையால் புதுத் தேயிலை டின்னின் மூடியைத் திருகினார். டின்னும் சேர்ந்து சுற்றியது. நெஞ்சோடு அணைத்துப் பிடித்துப் பார்த்தார். விரிப்பில் வைத்து அழுத்தினார், விரிப்பு வழுக்கியது. டின்னின் அடியில் விலைச் சீட்டு அப்படியே இருந்தது.

"உந்த மூடியைச் செய்தவனைக் கண்டால் சொல்லுங்கோ பிள்ளை. அவனோட எனக்குக் கொஞ்சம் கதைக்கோணும்" என்றார் ஐயா.

"வேற எப்பிடிப் புடிச்சாத் தொறக்கலாம் ஐயா?" என்று தர்ஷினி கேட்டது. அது அசையவில்லை. விரல்கள் மட்டும் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருந்தன.

ஹனீபா சேருக்குத்தான் பொறுக்கவில்லை. வயதான மனிதர் விருந்தாளிகள் முன்னால் சிரமப்படுகிறார், ஒரு பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறது. "தாங்க ஐயா, தாங்க" என்று பாய்ந்துபோய் டின்னை வாங்கித் திறந்தார். தேயிலையும் போட்டார், சுடுதண்ணீரும் ஊற்றினார், சீனி எத்தனை கரண்டி என்றும் கேட்டார்.

"எல்லாம் நீங்களே செய்திட்டியள். இனிக் குடிக்கிறதையும் நீங்களே குடியுங்கோ" என்றார் மணியம் ஐயா.

உயரமான அம்மா டின்னைத் தூக்கி விலைச் சீட்டைப் பார்த்தார். பிறகு எதையோ எழுதினார். மிஸ்ஸின் முகம் வெளிறிப்போனது. தர்ஷினி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. இந்தச் சமையலறையில் யாரும் பழகுவதே இல்லை, எல்லாம் நேற்று வாங்கி வைத்தது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நினைத்ததில் பிழையும் இல்லை. சாமான் எல்லாம் நேற்று வாங்கியதுதான்.

தனி அறையில்

பின்னேரம் நோயாளிகளோடு கதைக்கும் நேரம் வந்தது. பள்ளியைச் சேர்ந்த யாரும் கூட இருக்கக்கூடாது என்பது ஒழுங்கு. ஐயாவுக்குக் களைப்பு, வீட்டுக்குப் போய்விட்டார். வரவேண்டிய இன்னொரு அம்மாவுக்குக் காய்ச்சல். முன்பு நோயாளியாக இருந்தவர் என்று மிஞ்சியது நான் மட்டும். இப்போது இங்கே வேலை செய்கிறேன் என்பதை மிஸ் அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார். பரவாயில்லை, அனுப்புங்கள் என்றார்கள்.

ஹனீபா சேர் நடைபாதையில் என் தோளைப் பிடித்தார். "செல்வம், பயப்பட வேணாம். எல்லாரும் நல்லா உதவி செய்றாங்க, எல்லாம் நல்லா நடக்குது. இத மட்டும் சொல்லுங்க."

மிஸ் எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. "சேர், நாங்கள் இனிப் போவம்" என்று அவரை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் கதிரையின் நுனியில் இருந்தேன். குமாரி மெடம் கேட்டார்: "இவங்க உங்களுக்கு என்ன செஞ்சாங்க?"

சேர் சொல்லித்தந்த வசனம் வரவில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது, சின்ன வயதிலிருந்தே அப்படி. ஒரு ரெயில் போனது, அதன் சத்தம் அடங்கியது, நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற இடங்களில் என்றால் இந்நேரம் யாராவது என் பதிலை எனக்காகச் சொல்லியிருப்பார்கள். இந்த இரண்டு பேரும் சொல்லவில்லை. உயரமான அம்மா பேனையைக் கீழே வைத்தார். "ஹெமின், ஹெமின்" என்றார் குமாரி மெடம், மெதுவாக என்பதைச் சிங்களத்தில். "ஆறுதலா சொல்லுங்க. நேரம் இருக்கு."

அப்போதுதான் விளங்கியது, இவர்களும் ஓ.டி.க்காரர்கள். இவர்களும் கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"இவங்க எனக்கு உதவி செய்யயில்ல மெடம்" என்றேன்.

யன்னலுக்கு வெளியே முற்றத்தில் ஹனீபா சேரின் குரல் "யா அல்லாஹ்" என்றது. மிஸ் அவரை இன்னும் தூரமாகக் கூட்டிப்போகும் செருப்புச் சத்தமும் கேட்டது.

குமாரி மெடம் அதை ஆங்கிலத்தில் அம்மாவுக்குச் சொன்னார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு பேச்சு தானாக வந்தது. கொச்சிக்கடைப் பக்கம் கிடங்கில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை செய்ததையும், இரும்புக் கதவு வலது கையில் விழுந்ததையும் சொன்னேன். விரல்கள் மரக்கட்டை மாதிரி விறைத்துப்போயின. மனுசிதான் என் வாயில் சோறு தீத்திவிடுவாள். பிள்ளைகள் பார்க்கும்போது எனக்குச் சோறு இறங்காது. கையைத் துவாயால் சுற்றி மறைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போவேன்.

"எல்லாரும் எங்க நோகுது எண்டுதான் கேட்டாங்க. சுகந்தி மிஸ் மட்டும், என்ன செய்ய விருப்பம் எண்டு கேட்டா. என்ர கையால சோறு குழைச்சுச் சாப்பிடோணும் எண்டன். அண்டையில இருந்து கோப்பையில ஈர மணலப் போட்டுக் குழைக்கச் சொன்னா. பிறகு மா, பிறகு சோறு. மேசையெல்லாம் கொட்டும். நான் கோவத்தில அழுதும் இருக்கிறன். அவ கையப் பின்னால கட்டிக்கொண்டு நிப்பா. ஒரு நாள்கூட எடுத்துத் தீத்தயில்ல. கடைசியில நானே சாப்பிட்டன். தர்ஷினிப் பிள்ளையும் இண்டைக்கு அப்பிடித்தான் நிண்டது. அது ஐயாவ மதிச்சு நிண்டது. டின் மட்டும்தான் பிழை."

"ஏன், டின்னுக்கு என்ன?"

"ஐயா பழகின டின் உள்ள இருக்கு. பழசு. வாற ஆக்களுக்கு மரியாதையா இருக்கோணும் எண்டு எடுத்து வைச்சம்."

அவர்கள் எழுந்துவிட்டார்கள். ஸ்டோர் அறையில் பெட்டியைத் திறந்து காட்டினேன். டியூப் சுற்றிய டின், மூடியில் ஒரு வார் வளையம். துணி சுற்றிய கரண்டி. திருவலைப் பலகையில் பலர் கைபட்டு வழுவழுப்பாகிப்போன இடம். உயரமான அம்மா டின்னை எடுத்து மேசையில் வைத்தார். தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். மற்றக் கையின் ஒரு விரலை வளையத்தில் மாட்டி இழுத்தார். மூடி திறந்துகொண்டது. தேயிலையை மணந்து பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

கேக்

சில கிழமைகள் கழித்து மிஸ் சமையலறைக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. "கிடைச்சிட்டுது செல்வம்" என்றார். கொழும்புக்கு வெளியேயும் மாணவர்கள் ஆஸ்பத்திரிகளில் பழக வேண்டும், இன்னும் ஆசிரியர்கள் வேண்டும் என்று சில நிபந்தனைகள் இருந்தனவாம். ஆனால் அங்கீகாரம் கிடைத்துவிட்டது. பழைய சாமான்களை இனி ஒருபோதும் ஒளித்துவைக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்களாம். தர்ஷினி ஒழுங்கையில் நின்று வீட்டுக்குப் போன் எடுத்தது. கேட்ட தாயைவிட அது கூடுதலாக அழுதது.

பின்னேரம் ஹனீபா சேர் பெரிய பட்டர் கேக் ஒன்றோடு வந்தார். மிஸ் வெட்டுவார் என்று நினைத்தேன். அவர் கத்தியை என் பக்கம் நீட்டினார். வலது கையால் வாங்கினேன். சாப்பிடப் பழகிய கைதான், ஆனால் கத்தி பிடித்தால் இன்றும் விரல்கள் தாமதமாகத்தான் மடியும். முதல் வெட்டு கோணலாகப் போனது. கேக்கின் ஒரு மூலை உடைந்து விழுந்தது.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த வேலைக்கு வருகிற உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உதவி செய்ய ஓடுவது சுகம். நிற்பதுதான் கஷ்டம். எனக்காக நின்றவர்கள் இருந்தார்கள். அதனால்தான் என் சோற்றை நான் சாப்பிடுகிறேன், அதனால்தான் இதை எழுதவும் முடிந்தது.

இரண்டாவது வெட்டுக்குக் கத்தியை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். மேசையைச் சுற்றி மிஸ், தர்ஷினி, மணியம் ஐயா, எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். ஹனீபா சேர் முன்வரிசையில், கையைப் பின்னால் இறுகக் கட்டியிருந்தார். முகத்தில் வியர்வை.

"ஆறுதலா வெட்டுங்க செல்வம்" என்றார். "நான் தொடமாட்டன்."